விடிய விடியப் படம் பிடிக்கலாம், காசும் வாங்கலாம்!

அடக்கி வைக்க முடியவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல், வெளிச்சம் பத்தாத இடத்தில், ஆடுகிறவர்களைப் படம் பிடிக்க எனக்குக் காசு கொடுக்கிறார்கள்! வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் ரூபாய் நோட்டு வைத்து, "நல்லா வரணும் தம்பி" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்! அதுவும் எங்கே? சென்னையில் இல்லை. எங்கள் வாலாஜாபாத் பக்கத்தில்.

நைட் கிளப் போட்டோகிராஃபி என்று வீடியோ வீடியோவாகப் பார்த்து ஏங்கிக் கிடந்தவன் நான். நீலமும் சிவப்புமாக வெளிச்சம் சுழலும், புகை கிளம்பும், கூட்டத்துக்கு நடுவில் ஒருவன் கேமராவோடு புகுந்து புகுந்து வருவான். பார்க்கிறபோதே கை பரபரக்கும். பாலாற்றங்கரையில் கிளப்புக்கு எங்கே போவது? ஆனால் யோசித்துப் பாருங்கள், பங்குனி பிறந்துவிட்டால் ஆடி முடிகிற வரைக்கும் நம் ஊர்ப்பக்கம் ராத்திரியில் எவன் தூங்குகிறான்? திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம், விடிய விடியக் கூத்து. மாரியம்மன் கோயில் திருவிழாவில் இன்னிசைக் கச்சேரி. மண்டபத்தில் ரிசப்ஷன், மேடையில் டி.ஜே. இருட்டு, ஆட்டம், சத்தம், கலர் லைட்டு, அத்தனையும் இங்கேயே கொட்டிக் கிடக்கிறது! இது உறைத்த அன்றைக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவன் நடு ரோட்டில் இறங்கி நின்று தனியாகச் சிரித்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, எனக்கு அந்தக் கவலையே இல்லை.

கூத்து என்றால் சாதாரணக் கூத்தா! எங்கள் காஞ்சிபுரம் சுற்றுவட்டாரம் அதற்குப் பேர்போன மண். கட்டைக்கூத்து என்று தோள்கட்டை, கிரீடம், மார்புப் பதக்கம் எல்லாம் மரத்தில் செய்து, கண்ணாடிச் சில்லு பதித்துக் கட்டிக்கொண்டு ஆடுகிற ஆட்டம். காஞ்சிபுரத்தில் பெ. ராஜகோபாலும் மற்ற கலைஞர்களும் சேர்ந்து 1990ல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள். 2002ல் புஞ்சரசந்தாங்கலில் குருகுலமே நடத்த ஆரம்பித்து, ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளுக்கும் ஆடச் சொல்லிக் கொடுத்தார்கள். செய்யாறு பக்கம் போனால் புரிசை, அங்கே கூத்தாடுகிற தம்பிரான் பரம்பரை. இப்படி இருக்கிற பூமியில் கேமரா வைத்துக்கொண்டு பகல் கல்யாணத்துக்கு மட்டும் போவானா ஒருத்தன்?

சரி, கேமரா. விலை உயர்ந்தது வேண்டுமே என்று பயப்படாதீர்கள். என்னிடம் இருப்பது யாரோ பயன்படுத்திக் கொடுத்த பழைய பாடி. ஆனால் லென்ஸ்! லென்ஸ் மட்டும் 50 எம்.எம்., எஃப் 1.8. கேமராவோடு சும்மா வருகிற 18–55 லென்ஸை முழுக்க நீட்டினால் எஃப் 5.6 வரைதான் திறக்கும். அதைக் கழற்றி இதை மாட்டினால் ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. பத்து மடங்கு! முதன்முதலில் மாட்டி எங்கள் வீட்டு மாடத்து விளக்கைப் பார்த்தேன், அம்மாவின் முகம் அந்த ஒற்றைத் திரி வெளிச்சத்தில் அப்படியே எழுந்து வந்தது. "அம்மா, அப்படியே நில்லு" என்று கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்துவிட்டார். ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு ஏற்றுங்கள், 6400க்குக்கூட ஏற்றுங்கள். படத்தில் பொரிப்பொரியாகப் புள்ளி விழும் என்று பயமுறுத்துவார்கள். விழட்டுமே! தெளிவில்லாமல் ஆடிப்போன முகத்தைவிடப் புள்ளி விழுந்த முகம் ஆயிரம் பங்கு மேல். ரா ஃபைலில் எடுத்தால் பிறகு நிறத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

முதல் கூலி வேலை பாலாற்றுக்கு அக்கரையில் ஒரு ஊர்க் கூத்து. அன்றைக்கு துகில். திரௌபதி துகிலுரிதல்! கேள்விப்பட்டதும் வயிற்றில் ஏதோ பறந்தது. ஒன்பது மணிக்கே போய்விட்டேன். வேஷம் கட்டுகிற கொட்டாய்க்குள் எட்டிப் பார்த்தால், அடடா, அதைச் சொல்லாமல் மேலே போகவே முடியாது. ஒரே ஒரு குண்டு பல்பு. அதன் கீழே பாயில் உட்கார்ந்து, இடது கையில் சின்னக் கண்ணாடி, வலது கையில் ஈர்க்குச்சி, ஒரு மனிதர் தன் முகத்தில் துரியோதனனை எழுதிக்கொண்டிருக்கிறார். பாதி முகம் அவர், பாதி முகம் ராஜா! எண்ணெயில் குழைத்த அரிதார வாசனை, பக்கத்தில் எவரோ கொளுத்திய பீடி, கோணி மூட்டையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வருகிற கட்டைகள், சலங்கையைக் காலில் சுற்றுகிற சத்தம். புதிதாக வருகிறவர்கள் முதலில் நிற்க வேண்டிய இடம் இதுதான். ஆள் அசைவதில்லை, வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வருகிறது, 1/60 நொடியில் நிதானமாக எடுக்கலாம். கை பழகிவிடும், அவர்களுக்கும் நம் முகம் பழகிவிடும். வாத்தியார், அதாவது குழுவின் தலைவர், நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "எவ்ளோ வேணா எடுத்துக்கப்பா. மூஞ்சில பளிச்சுனு மட்டும் அடிச்சிடாத. கண்ணு கூசிச்சுன்னா அடவு தப்பிடும்." அதோடு ஃபிளாஷைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். கூத்தில் ஃபிளாஷ் கிடையாது, அவ்வளவுதான். இருக்கிற வெளிச்சத்தில் எடுக்கத்தானே வந்திருக்கிறோம்!

இன்னொருவரைக் கையில் போட்டுக்கொள்ள வேண்டும்: மைக் செட்டுக்காரர். ஒரு காலத்தில் தீவட்டி, அப்புறம் பெட்ரோமாக்ஸ் என்று வெளிச்சம் இருந்ததாம். இப்போது டியூப் லைட், எல்.இ.டி. ஃபோகஸ். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கேளுங்கள். நம் ஊர்க் கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை 1/500 என்று வைத்தால் ஒரு படம் வெளுப்பு, ஒரு படம் இருட்டு, குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு. 1/100ல் வையுங்கள், இல்லை 1/50ல் வையுங்கள், ஒவ்வொரு படத்துக்கும் முழு அலை வெளிச்சம் கிடைத்துவிடும், பட்டை மாயம்! சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் பக்கமே போகாதீர்கள், அது எல்.இ.டி.க்குக் கீழே இன்னும் மோசம். மைக் செட் அண்ணாவிடம் டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணா, அந்த மஞ்ச ஹாலஜன் ஒண்ணு இருக்கே, அத பக்கவாட்டுல கட்டுங்கண்ணா" என்று கேட்டேன். கட்டினார்! அந்த ஒரு மஞ்சள் விளக்குக்காக அவர் பெயரைச் சொல்லிக் கோயிலில் தேங்காய் உடைத்தேன்.

இப்போது கற்பனை செய்து பாருங்கள். பதினோரு மணி. தரையெல்லாம் பாய், பாயெல்லாம் ஜனம், முன்வரிசையில் தூக்கம் சொக்கும் குழந்தைகள், அவர்களுக்கு நடுவில் சப்பணமிட்டு நான். பின்னால் பெஞ்சியில் ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், ஒரு முகவீணை. முகவீணை கிளம்பிவிட்டது, கீச்சென்று காதைத் துளைத்துக்கொண்டு! கட்டியங்காரன் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போய்விட்டான். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடுகிறது, கீழே சலங்கைக் கால் மட்டும் தெரிகிறது, உள்ளேயிருந்து குரல் வருகிறது, விருத்தம் ஏறுகிறது, ஏறுகிறது, என் விரல் பட்டனில், மூச்சு நின்றுவிட்டது, திரை ஒரு இழுப்பு, துரியோதனன்! அந்த மஞ்சள் ஹாலஜன் அவர் தோள்கட்டைகளில் பட்டதும் நூற்றுக்கணக்கான கண்ணாடிச் சில்லும் ஒரே நேரத்தில் கார்த்திகை தீபம் ஏற்றியதுபோல எரிந்தன. ஃபோகஸ் தேடவே வேண்டியதில்லை! இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும் என்பார்களே, அதற்கு வேண்டியது கறுப்பும் வெள்ளையும் சந்திக்கிற ஒரு விளிம்பு, இங்கே உடம்பெல்லாம் விளிம்பு! நடுப் புள்ளியைக் கிரீடத்தின் ஓரத்தில் வைத்தேன், பூட்டிக்கொண்டது, டக் டக் டக். பின்னால் முழு இருட்டு என்பதால் கேமராவின் கணக்கை நம்பக்கூடாது, அது இருட்டைப் பார்த்துப் பயந்து முகத்தை வெளுக்கடிக்கும். மேனுவலில் முகத்துக்கு மட்டும் அளவு வைத்துவிட்டு, விளக்கு மாறாத வரைக்கும் கை வைக்காமல் விட்டுவிட வேண்டும்.

பிறகு கிறிக்கி. ஐயோ, அந்தக் கிறிக்கி! தாளம் வேகம் பிடிக்க, ஆள் தன்னைத்தானே சுற்றிச் சுற்றி வட்டமாக வருகிறார், மண் பறக்கிறது, பாவாடை விரிகிறது. 1/15 நொடிக்கு இறக்கினேன். சில்லுகள் எல்லாம் தங்கக் கோடுகளாக இழுபட்டு ஒரு சக்கரமே வந்துவிட்டது படத்தில். தெளிவான படம் வேண்டுமென்றால் வேறு வழி. தாளம் தீர்மானம் வைத்து முடிகிற இடத்தில் ஆட்டக்காரர் ஒரு கணம் சிலையாக நிற்பார், அங்கே அழுத்துங்கள். அதற்கு வேண்டியது வேகமான கேமரா இல்லை, தாளம் கேட்கிற காது. மிருதங்கத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தால் அடுத்த நிறுத்தம் எங்கே விழும் என்று உடம்புக்கே தெரிந்துவிடுகிறது. இதை எந்த வீடியோவிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அந்த மிருதங்கம்தான் சொல்லித் தந்தது!

இரண்டு மணிக்கு டீ. கொசு கொஞ்சம் உண்டு, விடுங்கள்.

மூன்றரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. தூங்கின ஜனமெல்லாம் எழுந்து உட்கார்ந்தாயிற்று, பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் நகர்ந்து வருகிறார்கள், துச்சாதனன் திரௌபதியை இழுத்துக்கொண்டு சபைக்குள் வந்துவிட்டான். திரௌபதி வேஷம் கட்டியிருப்பவர் ஒரு ஆண், ராத்திரி ஒன்பது மணிக்கு என்னோடு லுங்கியில் உட்கார்ந்து டீ குடித்தவர், அதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் அந்தக் குரல் கண்ணனைக் கூப்பிட்டபோது என் கழுத்து முடி எழுந்து நின்றது. ஆட்டம் நின்றது. துச்சாதனன் வேஷக்காரர் கை கூப்பி நின்றார். அடுத்து செய்யப்போகும் காரியத்துக்கு அம்மனிடம் மன்னிப்புக் கேட்கிறாராம்! தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். மைக் செட் அண்ணாவுக்கு என்ன தோன்றியதோ, ஃபோகஸைக் குறைத்துவிட்டார், இப்போது அந்த முகங்களுக்கு இருக்கிற வெளிச்சம் கற்பூரம் ஒன்றுதான், சிவப்பேறிய மஞ்சள், ஆடுகிற மஞ்சள், ஒரு கணம் கண்ணில் நீர் மின்னுகிறது, மறு கணம் இருட்டு. எஃப் 1.8, ஐ.எஸ்.ஓ. 6400, 1/60, என் கேமராவிடம் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை, முழங்கையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை வெளியே விட்டு, தீபம் ஏறுகிற கணத்துக்குக் காத்திருந்து அழுத்தினேன், அழுத்தினேன், அழுத்திக்கொண்டே அழுதேன், ஆமாம், கேமராவுக்குப் பின்னால் கண்ணீர் வழிய வழிய எடுத்தேன், பக்கத்திலிருந்த பாட்டியும் அழுதார், "எடு கண்ணு, எடு" என்று என் முதுகைத் தட்டிக்கொண்டே அழுதார். அந்தப் படங்களில் ஒன்றில் கற்பூரத் தீ திரௌபதியின் கண்மணிக்குள்ளேயே தெரிகிறது. சின்னத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது கேமராவுக்கு முத்தம் கொடுத்தேன். கொடுக்காமல் எப்படி இருக்க முடியும்?

காசு எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு ராத்திரிக் கூத்துக்கும் ஊரில் ஒரு உபயதாரர் இருப்பார், அன்றைய செலவு அவருடையது. அவருக்குக் குடும்பத்தோடு அர்ச்சுனன் பக்கத்தில் நிற்கிற படம் ஒன்று பெரிதாகச் சட்டம் போட்டு வேண்டும், கூடத்தில் மாட்ட. கூத்துக் குழுவுக்குப் பேனர் அடிக்க, நோட்டீஸ் போட நல்ல வேஷப் படம் வேண்டும். திருவிழாக் கமிட்டிக்கு மொத்தமாக வேண்டும். ஆக, ஒரே ராத்திரிக்கு மூன்று வாடிக்கையாளர்! ஆரம்பத்தில் ஒரு கூத்துக்குச் சும்மா போய் எடுத்து, வாத்தியாருக்குப் பத்துப் படம் அனுப்புங்கள். அதுவும் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், படம் நசுங்காமல் போகும். அடுத்த ஊருக்கு அவரே நம்மைச் சொல்லிவிடுவார். எனக்கு அப்படித்தான் நடந்தது. பேசின தொகையை முன்பணம் பாதி, படம் கொடுத்ததும் பாதி என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், கூச்சமே வேண்டாம்.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மாலி நாட்டின் தலைநகர் பமாக்கோவில் மாலிக் சிதிபே என்று ஒரு ஸ்டுடியோக்காரர் இருந்தார். 1960ல் நாடு விடுதலை அடைந்த புதிது, இளசுகள் எல்லாம் ஊரெங்கும் கிளப் வைத்து ஆடிக்கொண்டிருந்த காலம். இந்த மனிதர் ஒரே ராத்திரியில் இரண்டு மூன்று பார்ட்டிக்குப் போவார், திரும்பி வந்து ஃபிலிமைக் கழுவி, சின்னச் சின்ன பிரிண்டாகப் போட்டு, அட்டையில் ஒட்டி ஸ்டுடியோவில் வைத்துவிடுவார். ஆடினவர்கள் வந்து தங்கள் முகத்தைத் தேடிப் பிடித்து ஆர்டர் கொடுப்பார்கள். அந்தக் காசில் ஓடியதுதான் அந்த ஸ்டுடியோ! 1963 கிறிஸ்துமஸ் ராத்திரி அவர் எடுத்த படம் ஒன்று, ஒரு பையனும் பெண்ணும் நெற்றி முட்டக் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தபடி ஆடுகிற படம், இன்றைக்கு உலகமெல்லாம் காட்சிக்கு வைக்கிறார்கள். 2007ல் வெனிஸ் பியனாலேயில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் அவருக்குக் கொடுத்தார்கள். அந்த விருது ஒரு புகைப்படக்காரருக்குப் போனது அதுதான் முதல் தடவை. யாருக்கு? ராத்திரி ஆட்டத்தைப் படம் பிடித்துப் பிரிண்ட் விற்றவருக்கு! இதைப் படித்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மறுநாளே சின்ன பிரிண்டாகப் போட்டு, கோயில் எதிரே டீக்கடையில் கயிறு கட்டி, துணி மாட்டும் கிளிப்பில் தொங்கவிட்டேன். மத்தியானத்துக்குள் பாதிக் கயிறு காலி. "தோ பாரு, நம்ம பெரியப்பா தூங்கறாரு" என்று ஒரு பொடியன் கத்த, அந்தப் பெரியப்பாவே காசு கொடுத்து அந்தப் படத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ரிசப்ஷன் டி.ஜே.வுக்கு வந்தால் பைக்குள் போட்ட ஃபிளாஷுக்கு வேலை வந்துவிடும். இங்கே கிளப்காரர்கள் செய்கிற அந்த மாயவித்தையை அப்படியே செய்யலாம். ஷட்டர் 1/8 நொடி, ஃபிளாஷ் கடைசியில் வெடிக்கும்படி ரியர் கர்ட்டன் சிங்க். ஷட்டர் திறந்திருக்கிற நேரமெல்லாம் கலர் லைட்டு கோடு கோடாக இழுபடும், முடிகிற நேரத்தில் ஃபிளாஷ் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவாக மின்னி முகத்தைப் பிடித்து நிறுத்திவிடும். மாப்பிள்ளையின் நண்பர்கள் சட்டை நனைய நனையக் குதிக்கிறார்கள், அவர்களைச் சுற்றி ஊதாவும் பச்சையுமாக வெளிச்சம் நீந்துகிறது. பி.சி. ஸ்ரீராம் 1988ல் அக்னி நட்சத்திரத்தில் விளக்கை நேராக லென்ஸுக்குள் விட்டுக் கண்ணைக் கூச வைத்தாரே, அதைப் பார்த்து வளர்ந்த ஊரய்யா இது, பளீரென்று ஒரு கீற்றுப் படத்தில் விழுந்தால் நம் ஜனம் கைதட்டி ரசிக்கிறது! இரண்டே விஷயம் நினைவிருக்கட்டும். சுத்த நீலம், சுத்தச் சிவப்பு எல்.இ.டி. முகத்தில் அடிக்கும்போது அந்த ஒரு நிறம் மட்டும் பொங்கி வழிந்து மூக்கும் கன்னமும் கரைந்துவிடும், கொஞ்சம் இருட்டாகவே எடுங்கள். லேசர் ஒளி நேராக லென்ஸில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சென்சாரையே சுட்டுவிடும். பெண்கள், பிள்ளைகள் என்றால் எடுப்பதற்கு முன்னாலோ பின்னாலோ திரையைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் அவர்கள் எதிரிலேயே அழித்துவிடுங்கள். அந்த மரியாதையால்தான் அடுத்த வீட்டுக் கல்யாணமும் நம்மிடம் வரும்.

அப்புறம், கேட்டால் துள்ளுவீர்கள், கிளப்புக்கும் போய்விட்டேன்! சென்னையில் ஒரு கிளப் மேலாளரிடம் போய், கிளப் படம் ஒன்றுகூட இல்லாமல், கற்பூரப் படத்தையும் கிறிக்கிப் படத்தையும் நீட்டினேன். மனிதர் வெகுநேரம் பார்த்தார். "இதை எந்த லைட்ல எடுத்தீங்க?" என்றார். கற்பூரம் என்றேன். "சனிக்கிழமை வந்துடுங்க" என்றார்! போனேன். நெஞ்செலும்பில் இடிக்கிற பேஸ், பனிபோலப் புகை, நொடிக்கு ஒரு நிறம். கதவைத் தாண்டியதும் எனக்கு வந்த முதல் நினைப்பு, 'அட, நம்ம கூத்துதான்!' இங்கேயும் தாளம் ஏறி ஏறி ஓரிடத்தில் நிற்கிறது, நின்ற கணத்தில் அத்தனை கையும் மேலே போகிறது. என் விரல் அதற்கு முன்பே பட்டனுக்குப் போய்விட்டது! நான் வாலாஜாபாத்தில் பாயில் உட்கார்ந்து கற்ற பாடத்துக்கு அங்கே தனியாகச் சம்பளம் கொடுத்தார்கள்.

சித்ரா பௌர்ணமி ராத்திரி காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றுக்குள் இறங்குவார். பூமிக்கடியில் கல்மண்டபம், தீவட்டி வெளிச்சம், அந்தக் கூட்டத்தில் நான் முண்டியடித்துக்கொண்டு நிற்பேன். அதற்கு அடுத்து பாரதம் வரிசையாக இருக்கிறது, துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் முடிந்து விடியற்காலையில் படுகளம், எல்லாவற்றுக்கும் முன்பணம் வாங்கியாயிற்று. துணைக்கு ஒரு ஆள் வேண்டும், நிஜமாகவே வேண்டும். எஃப் 1.8 லென்ஸ், இரண்டு பேட்டரி, ஒரு போர்வை எடுத்துக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். ஈர்க்குச்சியில் முகம் எழுத ஆரம்பிப்பதற்குள் நாம் கொட்டாய்க்குள் இருக்க வேண்டும்!